சித்திரக்காரரின் இணையக் கடையும் சங்கமும்

பொருளைச் செய்வது ஒரு தொழில். செய்த பொருளை விற்பது மற்றொரு தொழில். இவ்விரண்டையும் ஒருவரே திறம்படச் செய்தல் அரிது என்ற அனுபவத்தின்மீதுதான் கைத்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. தறியில் அமர்ந்தவர் சந்தைக்கு ஓட முடியாது. சந்தைக்கு ஓடினால் தறி நின்றுவிடும். அந்த இடைவெளியில் வியாபாரி வாழ்ந்தார். அவர் இருந்த இடத்தில் நாம் சங்கத்தை அமர்த்தினோம். இது நம் அன்பர்கள் அனைவரும் அறிந்த வரலாறே.

அவ்வரலாற்றில் இப்போது புதியதோர் அத்தியாயம் எழுதப்பட்டு வருகிறது. துணியில் சித்திரம் எழுதும் இளைஞர் ஒருவர், தம் வேலையைக் கைபேசியில் படம் பிடித்து இணையத்தில் இடுகிறார். மறுநாள் எங்கோ ஒரு நகரத்திலிருந்து ஒருவர் விலை கேட்கிறார். பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. சரக்கு அஞ்சலில் போகிறது. இடையில் வியாபாரியும் இல்லை, சங்கமும் இல்லை. நாம் தணிக்கைக்காகவும் மேற்பார்வைக்காகவும் செல்லும் இடங்களில் இப்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுதான்: சங்க உறுப்பினர் ஒருவர் சொந்தமாக இணையக் கடை வைத்துக்கொள்ளலாமா?

நிர்வாகக் குழுவினர் சிலர், “வைத்தால் உறுப்பினர் பதவியை நீக்க வேண்டியதுதான்” என்கின்றனர். இளைஞர் சிலர், “இனிச் சங்கம் எதற்கு?” என்கின்றனர். இரண்டும் அவசரத்தில் சொல்லப்பட்ட விடைகள் என்பது நம் அபிப்பிராயம். இக்கேள்வியை நமக்கு முன்பே எதிர்கொண்ட ஒரு சங்கம் உலகின் வடகோடியில் இருக்கிறது. சித்திரக்காரர்களாலேயே புகழ் பெற்ற சங்கம் அது. அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

கனடா நாட்டின் வடக்கே, பாஃபின் தீவின் தென்மேற்கு ஓரத்தில், கின்கைட் என்ற சிற்றூர் உள்ளது. 2020 வரை கேப் டார்செட் என்பது அதன் பெயர். அவ்வாண்டில் ஊரார் தம் மொழிப் பெயரையே சட்டப்படி மீட்டுக்கொண்டனர். மக்கள் தொகை சுமார் 1,400. வெளியுலகோடு இணைக்கும் சாலை கிடையாது. விமானத்தில் போகலாம், வானிலை இடங்கொடுத்தால். கோடையில் பனி உருகியபின் கப்பல் வரும். ஓராண்டுக்கு வேண்டிய கனமான சரக்கெல்லாம் அப்போதுதான் இறங்க வேண்டும். அங்கே வாழ்பவர்கள் இன்யூட் மக்கள். ‘எஸ்கிமோ’ என்று நாம் பள்ளியில் படித்தது வெளியார் இட்ட பெயர்.

வேட்டையே அவர்களுடைய வாழ்வு. வெள்ளை நரியின் தோலைக் கொடுத்துத் துப்பாக்கி ரவையும் மாவும் தேயிலையும் வாங்கினர். வாங்குமிடமும் விற்குமிடமும் ஒன்றே: ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் வியாபாரக் கிடங்கு. 1940-களின் இறுதியில் நரித்தோலின் விலை வீழ்ந்தது. ஒரே சரக்கை ஒரே இடத்தில் விற்றுப் பிழைத்தவர்களின் நிலை எவ்வாறாயிற்று என்பதை, நூல் விலை ஏறிச் சேலை விலை இறங்கிய ஆண்டுகளைக் கண்ட நம் நெசவாளருக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.

1948-ல் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற கனடிய ஓவியர் வடக்கே சென்றார். அங்கே மக்கள் கல்லிலும் தந்தத்திலும் செதுக்கிய சிறு உருவங்களைக் கண்டு வியந்து, சிலவற்றைத் தெற்கே கொண்டுவந்தார். 1949-ல் மாண்ட்ரியல் நகரில் கைத்தொழிற் கழகம் ஒன்று அவற்றை விற்பனைக்கு வைத்தது. மூன்று நாட்களில் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. பின்னர் ஹூஸ்டன் கேப் டார்செட்டிலேயே குடியேறினார்.

அங்கே அச்சுச் சித்திரம் பிறந்த விதம் சுவையானது. ஓசுயிடோக் இபீலி என்ற தேர்ந்த சிற்பி, சிகரெட்டுப் பெட்டிகள் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். இரண்டிலும் ஒரே மாலுமியின் தலை, மயிரிழை மாறாமல். இதனை ஒவ்வொரு பெட்டியிலும் உட்கார்ந்து வரைவது எவ்வளவு சலிப்பான வேலை என்று அவர் ஹூஸ்டனிடம் சொன்னாராம். அச்சடித்தலை விளக்கச் சொற்கள் அகப்படாத ஹூஸ்டன், ஓசுயிடோக் செதுக்கியிருந்த தந்தம் ஒன்றில் மையைத் தடவி, மெல்லிய காகிதத்தை வைத்துத் தேய்த்து எடுத்துக் காட்டினார். இதை எங்களாலும் செய்ய முடியும் என்றார் சிற்பி. செய்து காட்டவும் செய்தனர். ஹூஸ்டன் ஜப்பானுக்குச் சென்று உன்இச்சி ஹிராட்சுகா என்ற மரஅச்சுக் கலைஞரிடம் சில மாதங்கள் பயின்று திரும்பினார். 1959-ல் முதல் தொகுதி வெளியாயிற்று. அதே ஆண்டில் மேற்கு பாஃபின் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது.

வேலைமுறையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஒருவர் காகிதத்தில் சித்திரம் வரைகிறார். சங்கம் அதைக் கைமேல் ரொக்கம் கொடுத்து வாங்குகிறது. வாங்கியவற்றுள் சிலவே அச்சுக்குத் தேர்ந்தெடுக்கப்படும். தேர்ந்த படத்தைச் சமமாகத் தேய்த்த கல்பலகையில் பிரதி செய்து, மற்றொருவர் செதுக்குகிறார். மேடாக நின்ற பகுதியில் மை ஏற்றி, ஜப்பானியத் தாளைப் பரப்பிக் கையால் தேய்த்து ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். ஐம்பது பிரதிகள். அதன்பின் கல்லிலுள்ள படத்தை அழித்துவிடுவார்கள். ஐம்பத்தோராவது பிரதி எக்காலத்திலும் வராது. ஒவ்வொன்றிலும் எண், வரைந்தவர் பெயர், செதுக்கி அச்சிட்டவர் பெயர், சங்கத்தின் சிவப்பு இக்லூ முத்திரை ஆகியவை இடம்பெறும். நம் ஊர்களில் சேலைக்கு மாதிரி வரைபவர் ஒருவர், ஜக்கார்டு அட்டை குத்துபவர் ஒருவர், நெய்பவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருப்பதைப் போன்றதே இது. ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அங்கே மூவர் பெயரும் பொருளோடு போகும். நம் சேலையோடு விலைச்சீட்டுத்தான் போகும்.

பெயர் போவதால் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரே ஒரு சான்று. கெனோஜுவாக் அஷேவாக் என்ற அம்மையார் 1927-ல் பனிக்கட்டி வீட்டில் பிறந்தவர். 1960-ல் அவர் வரைந்த ‘மாய ஆந்தை’ என்ற படம் ஐம்பது பிரதிகளாக அச்சிடப்பட்டது. 1970-ல் கனடிய அஞ்சல் துறை அதனைத் தபால்தலையில் பதித்தது. 2013-ல் அவர் காலமானார். 2018-ல் அதன் பிரதி ஒன்று ஏலத்தில் இரண்டு லட்சம் கனடிய டாலருக்குமேல் போயிற்று. அந்த அம்மையாரின் சந்ததியாருக்கு அதில் சட்டப்படி ஒரு செப்புக்காசும் உரியதன்று. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு என்னும் சட்டம் அப்போது கனடாவில் இல்லை. இதனைப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

சங்கத்தின் உண்மையான சாதனை ஏலக்கூடத்தில் இல்லை. கொள்முதல் மேசையில் இருக்கிறது. பிட்சியோலாக் அஷூனா என்ற அம்மையார் கணவனை இழந்தவர். பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும். முதலில் தோலாடை தைத்துக் கொடுத்தார். பின்னர்ப் படம் வரைந்து பார்த்தார். சங்கம் வாங்கிக்கொண்டது. 1983-ல் மறையும் வரையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சித்திரங்கள் வரைந்தார். அவற்றுள் அச்சேறியவை சிறு பகுதியே. மற்றவற்றுக்கும் அவருக்குப் பணம் கிடைத்தது என்பதுதான் செய்தி. 1960-ல் அங்கே வந்து பல்லாண்டுகள் மேலாளராக இருந்த டெர்ரி ரையன், புதிதாகக் கோடு போடத் தொடங்கியவரின் தாளையும் விலை கொடுத்து வாங்கி ஊக்கினார். தேர்ந்தவரின் படத்தில் கிட்டிய இலாபம் தேறாதவரின் பயிற்சிக்குச் செலவாயிற்று. அவ்வாறு சேர்ந்த ஏறத்தாழ ஒரு லட்சம் சித்திரங்கள் இன்று ஒண்டாரியோ மாகாணத்தின் மக்மைக்கேல் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, இணையத்திலும் ஏறியுள்ளன. விற்காத சரக்கைத் ‘தேங்கிய சரக்கு’ என்று குறித்து விலைக்குறைப்புக்கு எழுதும் நம் போன்ற தணிக்கையாளருக்கு இது சிந்திக்கத்தக்க செய்தியே.

விற்பனைக்கும் சங்கம் தக்க ஏற்பாடு செய்தது. 1978-ல் டொரண்டோ நகரில் டார்செட் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற பெயரில் தன் மொத்த விற்பனை நிலையத்தைத் திறந்தது. ஆண்டுத் தொகுதி அங்கிருந்து கலைக்கூடங்களுக்குச் செல்லும். அவை பொதுமக்களுக்கு விற்கும். வரைந்தவர் வீட்டிலிருந்து வாங்குபவர் வீட்டுச் சுவர் வரையில் இரண்டு மூன்று கைகள் மாறும். ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இணையம் வரும்வரையில் இதற்கு மாற்று இருக்கவில்லை.

இணையமும் அங்கே எளிதில் வரவில்லை. நுனாவுட் என்ற அந்த ஆட்சிப்பகுதி முழுவதும் செயற்கைக்கோள் தொடர்பையே நம்பியிருந்தது. ஒரு படம் ஏறுவதற்குள் தேநீர் ஆறிவிடும். அண்மை ஆண்டுகளில் தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்கள் வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. சிற்பமோ காதணியோ தோல் கையுறையோ செய்பவர்கள் முகநூல் ஏலக் குழுக்களில் படம் இட்டு நேரே விற்கின்றனர். 2020-ல் பெருந்தொற்றினால் கலைக்கூடங்களின் கதவு மூடியபோது, இணையத்தில் காட்டுவதே வழி என்பதை உலகெங்குமுள்ள சித்திரக்காரர்கள் கண்டுகொண்டனர்.

அங்கே ஒருவர் இணையக் கடை திறக்கிறார் என்றால் அவர் செய்யவேண்டுவன யாவை? பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். ஆர்க்டிக் குளிர்காலத்தில் பகல் என்பது சில மணி நேரமே. அளவு தெரியும்படி அருகில் ஓர் அளவுகோல் வைக்க வேண்டும். பொருள் என்ன, எங்கே கிடைத்த கல், எந்த ஆண்டு செய்தது, ஒன்றேதானா பலவா என்பதை எழுத வேண்டும். விலையில் அஞ்சல் கட்டணம் அடங்குமா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். விமானத்தில் போகும் கல்சிற்பத்தின் கட்டணம் சில நேரம் சிற்பத்தின் விலையையே எட்டும். சட்டமும் அறிந்திருக்க வேண்டும். வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய பொம்மையை அமெரிக்காவுக்கு அனுப்பினால் சுங்கத்தில் பறிமுதலாகும். 1972-ம் ஆண்டுக் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய இறக்குமதியைப் பொதுவாகத் தடை செய்கிறது. ஐரோப்பியக் கூட்டமைப்பு 2009-ல் சீல் தோல் வியாபாரத்தைத் தடுத்தது. இன்யூட் மக்களின் பாரம்பரிய வேட்டைக்கு விலக்குண்டு, ஆனால் அதனை நிரூபிக்கும் தாள்கள் வேண்டும். இவையெல்லாம் முடிந்து, புயல் ஓய்ந்து, விமானம் வந்து, சிப்பம் உடையாமல் சேர்ந்து, வாங்கியவர் குறை சொல்லாதிருந்தால் பணம் முழுவதும் அவருடையது.

சங்கத்தின் மேசையிலோ, படத்தை வைத்தவுடன் பணம். தொகை குறைவாயிருக்கலாம், ஆனால் அன்று மாலையே அடுப்பு எரியும். இரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள வேற்றுமை கொள்ளையன்று. காத்திருத்தலின் கூலியும் ஆபத்தின் கூலியும் அதில் கலந்திருக்கின்றன. இதைக் கணக்கிட்டுப் பாராமல் “சங்கம் பாதி விலையே தருகிறது” என்பவர், தாம் வீட்டில் சிப்பம் கட்டிய நேரத்திற்குக் கூலி போட மறந்தவர்.

அப்படியானால் சங்கமே போதும் என்று முடிவுகட்டலாமா? கூடாது. அதே பிட்சியோலாக் அம்மையாரின் பேத்தி ஆனி பூட்டூகுக்கின் வாழ்க்கை இதற்கு வலிமிகுந்த சான்று. 1969-ல் பிறந்த ஆனி, பாட்டியைப் போலவும் தாய் நபாச்சியைப் போலவும் சங்கத்தின் கூடத்தில் வரைந்து வளர்ந்தவர். ஆனால் அவர் வரைந்தவை ஆந்தையும் கரடியும் அல்ல. தொலைக்காட்சி பார்க்கும் குடும்பம், கூட்டுறவுக் கடையில் மளிகை வாங்குதல், மதுவின் கொடுமை, வீட்டுக்குள் நடக்கும் அடி: தம் ஊரின் இன்றைய வாழ்க்கையை உள்ளபடி வரைந்தார். தெற்கத்திய வாங்குவோர் வடக்கிலிருந்து விரும்பியது வேட்டையும் விலங்குமே; ஆகையால் தொடக்கத்தில் இவற்றை விற்பது அரிதாயிருந்தது. சங்கம் வாங்குவதை நிறுத்தவில்லை. 2006-ல் கனடாவின் பெரும் பரிசுகளுள் ஒன்றான சோபி கலைப் பரிசு, 50,000 டாலர், அவருக்குக் கிட்டியது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் டாக்குமெண்டா கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன.

பின்னர் அவர் ஒட்டாவா நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கொள்முதல் மேசை இல்லை. சில ஆண்டுகளில், கலைக்கூடங்களில் ஆயிரக்கணக்கில் விலைபோன அதே கையினால் வரைந்த படங்களை, அவர் தெருவோரத்தில் இருந்து சில பத்து டாலருக்கு விற்கும் நிலை வந்தது. 2016 செப்டம்பரில் ரிடோ ஆற்றில் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. வயது 47. அவருடைய துயரத்திற்குக் காரணங்கள் பல. குடியும் வீடின்மையும் அவற்றுள் அடங்கும். சங்கத்தை விட்டதனால்தான் கெட்டார் என்று கூறுவது அநியாயம். ஆயினும் ஒன்று சொல்லலாம். உறுப்பினர் ஊரை விட்டுப் போனால் சங்கத்தின் கை எட்டவில்லை. தம் பெயரும் தம் விலையும் தம் கையிலேயே இருக்கும்படியான ஒரு கடைமுகப்பு, உலகம் முழுதும் பார்க்கத்தக்கதாக, அவரிடம் இருந்ததில்லை. தெருவில் வாங்கியவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. தெரிந்து வாங்கியவர்களும் இருந்திருக்கலாம், அது இன்னும் வருத்தத்திற்குரியது.

ஆனியின் உறவுச் சகோதரியான சுவினாய் அஷூனா ஊரிலேயே இருந்து சங்கத்தின் கூடத்தில் நாள்தோறும் வரைபவர். 2022-ல் வெனிஸ் பன்னாட்டுக் கண்காட்சியில் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கப்பட்டது. ஒரே பாட்டியின் பேத்திமார் இருவரை எடுத்துக்காட்டுவது ஒருத்தியைப் புகழ்ந்து மற்றவளைக் குறை கூறுவதற்கன்று. கலைஞருக்கு ஓர் இடமும் வேண்டும். இடத்தை விட்டுப் பெயரும் உரிமையும் வேண்டும். இணையம் இரண்டாவதைத் தருகிறது. முதலாவதை அது தர இயலாது.

வடக்கே இப்போது இரண்டும் ஒருங்கே வளர்ந்து வருகின்றன. 2018-ல் கின்கைட்டில் புதிய கலைக்கூடமும் அச்சுக்கூடமும் கெனோஜுவாக் அம்மையார் பெயரால் திறக்கப்பட்டன. இன்யூட் கலை அறக்கட்டளை என்ற அமைப்பு கலைஞர் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு பக்கம் ஏற்படுத்தி, பிறந்த ஊர், செய்த வேலைகள், பெற்ற பரிசுகள் ஆகியவற்றைப் பதிந்து வைக்கிறது. போலிகளைத் தடுக்க 1958-ல் அரசாங்கம் ஏற்படுத்திய ‘இக்லூ சீட்டு’ என்னும் வணிக முத்திரையும் 2017 முதல் அந்த அறக்கட்டளையிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. நம் கைத்தறி முத்திரைக்கும் பட்டு முத்திரைக்கும் அது அண்ணன் முறை.

போலி என்றதும் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். 2015-ல் ஓர் ஆங்கில ஆடை நிறுவனம் விலையுயர்ந்த கம்பளிச் சட்டை ஒன்றை விற்பனைக்கு விட்டது. நூறாண்டுக்குமுன் ஓர் இன்யூட் மந்திரவாதி தம் கனவில் கண்டதை வைத்துத் தைப்பித்த தோலங்கியின் மாதிரியே அதில் இருந்தது. அவருடைய கொள்ளுப்பேத்தி அதைக் கண்டு குரல் எழுப்பினார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டுச் சட்டையை விலக்கிக்கொண்டது. படம் வெளியே போனால் பார்ப்பவர் எல்லோரும் வாங்க வருபவர் அல்லர் என்பது இதனால் விளங்கும். ஆதலின் இணையத்தில் இடும் படம் கண்ணுக்குத் தெளிவாயும் அச்சுக்குப் போதாததாயும் சிறிதாக இருக்க வேண்டும். மாதிரியின் முழு உருவைத் தட்டையாகக் காட்டாமல், மடிப்போடு காட்டுவது நல்லது.

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். கலம்காரி எழுதுவோர், அச்சுக்கட்டை பதிப்போர், சேலைக்கு மாதிரி வரைவோர் ஆகியோர் நம்மிடமும் உள்ளனர். சட்டத்தில் அவர்களுக்குள்ள இடம் கனடியக் கலைஞருக்கு அன்றிருந்ததைவிட ஏட்டளவில் மேலானது. நம் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, மூலச் சித்திரம் ஒன்று பதினாயிரம் ரூபாய்க்கு மேற்பட்டு மறுவிற்பனையாகும்போது, வரைந்தவருக்கோ வாரிசுக்கோ பத்து விழுக்காட்டுக்கு மேற்படாத ஒரு பங்கு உண்டு என்கிறது. யார் யாருக்கு எப்போது விற்றார் என்பதற்குக் கணக்கிருந்தால்தானே பங்கு கேட்க முடியும்? விற்பனைப் பதிவேட்டில் சித்திரக்காரர் பெயருக்கு ஒரு பத்தி சேர்ப்பதற்கு எந்த நிதியுதவியும் தேவையில்லை.

மற்றொரு பிரிவு நமக்கு இன்னும் நெருக்கமானது, பலர் அறியாதது. வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்யத்தக்க ஒரு மாதிரியைப் பதிவு செய்யாமல் விட்டு, அதனை ஆலைத்தொழில் முறையில் ஐம்பது தடவைக்குமேல் பொருள்களில் எடுத்துவிட்டால், அதன் பதிப்புரிமை ஒழிந்துபோகும் என்கிறது அதே சட்டத்தின் 15-வது பிரிவு. ஐம்பது என்ற எண் கின்கைட்டில் கலைஞரைக் காக்கும் வேலியாக இருக்கிறது. இங்கே கவனியாதவரைக் கைவிடும் எல்லையாக இருக்கிறது. நல்ல மாதிரி ஒன்று பிறந்தால், முதற் சேலை கடைக்குப் போவதற்கு முன்பே பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். இணையத்தில் படம் இடுவதும் வெளியிடுவதேயாகும்; வெளியிட்டபின் பதிவுக்குப் போனால் புதுமை இல்லை என்று தள்ளப்படும்.

உறுப்பினர் தனிக்கடை வைப்பது பற்றி நம் கருத்தை ஒளிக்காமல் கூறுகிறோம். சங்கத்தின் நூலில், சங்கத்தின் மாதிரியில், சங்கத்தின் முன்பணத்தில் செய்த சரக்கை வெளியே விற்பது குற்றம். அதில் இரண்டாவது பேச்சு இல்லை. தம் சொந்த நேரத்தில், சொந்தத் துணியில், சொந்தக் கற்பனையில் எழுதிய சித்திரத்தைத் தம் பெயரால் விற்பதைத் தடுக்க எந்தச் சங்கத்துக்கும் நியாயம் கிடையாது. தடுத்தாலும் நடக்கும், மறைவில் நடக்கும். மறைவில் நடப்பதைவிட ஏட்டில் ஏறி நடப்பது மேல். விற்பனைக்குச் சங்கத்தின் பெயரையும் முத்திரையையும் சிப்பம் கட்டும் அறையையும் பயன்படுத்திக்கொண்டால் ஒரு சிறு கழிவைச் சங்கத்துக்குச் செலுத்தட்டும். அந்தக் கழிவு தனியே வரவு வைக்கப்பட்டு, புதிதாக எழுதப் பழகுவோரின் வேலையை வாங்குவதற்கே பயன்படட்டும். பெயர் பெற்றவர் ஒருவர் விலகிச் சென்றால் சங்கம் இழப்பது அவர் செலுத்தும் பங்குத்தொகையை அன்று. அவர் சரக்கின் இலாபத்தில் பயின்றுவந்த பத்துப் பிள்ளைகளின் கூலியை. நிர்வாகக் குழுவினரின் கோபத்தில் உள்ள நியாயம் இதுதான். ஆனால் அதைக் கோபமாக வெளிப்படுத்துவதைவிடக் கணக்காக எழுதிக்காட்டினால் இளைஞர்களும் கேட்பார்கள்.

வரி பற்றியும் பலர் கேட்கின்றனர். 2023 அக்டோபர் 1 முதல், நிர்ணயித்த அளவுக்குட்பட்ட விற்பனையுள்ள சிறு வியாபாரி, ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே, தம் மாநிலத்துக்குள் மட்டும், இணைய வணிக நிறுவனங்கள் வழியாகச் சரக்கு விற்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டுள்ளது. நிரந்தரக் கணக்கு எண் வேண்டும். வேறு நிபந்தனைகளும் உண்டு. வெளிமாநிலத்துக்கு அனுப்புபவர் கைவினைப் பொருள்களுக்கான தனி விலக்கு தமக்குப் பொருந்துமா என்று விசாரித்தபின்பே அனுப்புதல் நலம்.

சங்கமே ஒரு வலைத்தளம் திறந்துவிட்டால் போதாதா என்பர் சிலர். திறக்கட்டும், பல சங்கங்கள் திறந்தும் உள்ளன. அவற்றுள் சிலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். தலைவர் படம் இருக்கிறது. செயலாளர் படம் இருக்கிறது. திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றிய படமும் இருக்கிறது. நெய்தவர் படம் இல்லை. சித்திரம் எழுதியவர் பெயர் இல்லை. தீர்ந்துபோன சேலை மூன்றாண்டுகளாக ‘கையிருப்பு’ என்று நிற்கிறது. கேள்வி எழுதினால் விடை வருவதில்லை, ஏனெனில் கடவுச்சொல் தெரிந்த எழுத்தர் மாற்றலாகிப் போய்விட்டார். இத்தகைய தளத்தைக் காட்டி உறுப்பினரைத் தனிக்கடை வைக்காதே என்பது பலிக்காது.

தனிக்கடையை அனுமதிக்கவும் கழிவை விதிக்கவும் துணைவிதித் திருத்தம் வேண்டும். பேரவையில் தீர்மானம் நிறைவேறி, பதிவாளர் பதிவு செய்தபின்பே அது செல்லும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் நிர்வாகக் குழு தன் அதிகாரத்திலேயே செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. சங்கத்தின் அலமாரிகளில் பழைய மாதிரித் தாள்களும் துணித் துண்டுகளும் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. சில கரையானுக்கு இரையாகின்றன. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, எண்ணிட்டு, எவர் வரைந்தது என்பதை மூத்த உறுப்பினர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். கேட்கத்தக்கவர்கள் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். ஆகவே அலமாரியைத் திறப்பதை ஆண்டுக் கணக்கு முடியட்டும் என்று தள்ளிவைக்காமல், இம்மாதமே தொடங்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.